நான் கையைக் கட்டிக்கொண்ட நாள்

சாயங்காலம் நாலரை மணி ஆனால் போதும், எங்கள் தெருவில் பிள்ளைகளின் கூச்சல் ஆரம்பமாகிவிடும். பழைய மகாபலிபுரம் சாலையில் வானத்தைத் தொடுகிற மாதிரி கம்பெனிக் கட்டடங்கள் வந்துவிட்டாலும், நாவலூரின் உள் தெருக்களில் இன்னும் கல்லா மண்ணாவும் கண்ணாமூச்சியும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. என் சின்ன மகள் அம்முவை வாசல் திண்ணையில் என் மடிமேல் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு, "அதோ பாரு, அண்ணன் ஓடறான் பாரு! பிடிச்சுட்டாங்க பாரு!" என்று வேடிக்கை காட்டுவேன். ஏழு வயதுவரை அவளுடைய விளையாட்டு அவ்வளவுதான். மற்றவர்கள் விளையாடுவதைப் பார்ப்பது.

நான் பத்தாவது வரை படித்தவள். பத்திரிகைக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் அம்முவைப் போன்ற குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே புழுங்கும் தாய்மார்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்களுக்காவது பயன்படட்டும் என்றுதான் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

அம்மு குறைமாதத்தில் பிறந்தவள். எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஆறு மாதமாகியும் தலை நிற்கவில்லை. கைகள் எப்போதும் இறுக மூடியே இருக்கும். குளிப்பாட்டித் துடைக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். "குறைமாசக் குழந்தை, எல்லாம் மெதுவாத்தான் வரும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்படிக் கேட்பது மனசுக்கு இதமாக இருந்ததால் நானும் நம்பினேன். கிரகணத்தன்றைக்கு வெளியே வந்தாயா என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியையும் நான் பல ராத்திரி என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றரை வயதில்தான் செரிபரல் பால்சி, அதாவது மூளை முடக்குவாதம் என்று தெரிந்தது. கர்ப்பத்திலோ, பிரசவத்திலோ, பிறந்து கொஞ்ச காலத்துக்குள்ளோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு ஏற்படுகிற பாதிப்பு இது. அந்தப் பாதிப்பு நாளாக ஆகப் பரவுவதில்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் தசைகள் இறுகிப்போகும். கை கால் சொன்னபடி கேட்காது, அவ்வளவுதான். புத்தியும் இருக்காது என்று அர்த்தமில்லை. சில குழந்தைகளுக்கு அதிலும் குறை இருக்கலாம், பலருக்கு இருக்காது. இளம் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்: நாலைந்து மாதத்தில் தலை நிற்காவிட்டாலும், ஒன்பது மாதத்தில் உட்காராவிட்டாலும், ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை ஒதுக்கினாலும் "மெதுவா வரும்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். நான் இழந்த ஒரு வருஷத்தை நீங்களும் இழக்க வேண்டாம்.

எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், முட்டுக்காடு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் 2005-லிருந்து நடந்துவருகிறது. பிறந்த குழந்தை முதல் ஆறு வயது வரை உள்ளவர்களை ஆரம்பத்திலேயே கவனிப்பதற்கென்று 2021-ல் தனிப் பிரிவும் வந்தது. கேளம்பாக்கம் போய், உப்பளங்களைத் தாண்டி, கோவளம் வழியாகப் போவோம். கழிமுகத்துத் தண்ணீரைத் தாண்டும்போது கொக்குக் கூட்டத்தைப் பார்த்து அம்மு சிரிப்பாள். உடற்பயிற்சி என்றால் அழுவாள், போகிற வழிக்கு மட்டும் சிரிப்பு!

இதற்கெல்லாம் நடுவில் விளையாட்டை யார் நினைத்தார்கள்? என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அம்மு பிறந்த வருஷமே திருப்போரூர் மாசித் திருவிழாக் கடையில் ஒரு நடைவண்டியும் ஒரு கூடை சொப்புச் சாமானும் வாங்கி வந்திருந்தார். நடைவண்டி பரணுக்குப் போய்விட்டது. சொப்புச் சாமானை நான் எடுத்துவைத்து, "இதோ பார், அம்மா சோறு ஆக்கறேன், குழம்பு வைக்கறேன்" என்று விளையாடிக் காட்டுவேன். அவள் விரல்களைப் பிரித்து, கரண்டியைச் செருகி, அந்தக் கையை என் கையால் பிடித்துக் கிண்டுவேன். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு அழுகையாக வரும்.

ஒரு நாள் முட்டுக்காட்டில் ஆக்குபேஷனல் தெரபி கொடுக்கிற பெண்ணிடம் இதைப் பெருமையாகவே சொன்னேன், தினமும் ஒரு மணி நேரம் விளையாட வைக்கிறேன் என்று. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அவ எங்கம்மா விளையாடறா? நீங்கதான விளையாடறீங்க!" என்றாள்.

சுருக்கென்றது. என் மகள் வயசுப் பெண் எனக்குச் சொல்லித்தருகிறாளா என்று கோபம்கூட வந்தது. வரும் வழியெல்லாம் யாரோடும் பேசவில்லை. ஆனால் அதற்குச் சில மாதம் முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் அம்முவைச் சேர்க்கப் போனபோது, "இவளுக்கு எதுவும் புரியாதும்மா, வீணா அலையாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். புரியும் என்று எனக்குத் தெரியும். எப்படிக் காட்டுவது? பேச்சும் இல்லை, கையும் இல்லை. அவள் தானாகச் செய்த காரியம் என்று ஒன்றையாவது என்னால் சுட்டிக்காட்ட முடிந்ததா? எல்லாவற்றையும் அவளுக்காக நானே அல்லவா செய்துவிடுகிறேன்!

எங்கள் மாடியில் சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்க்கிற பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். அதில் மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு மோட்டார், ஒயர், ரோபோ என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பற்றவைக்கிற வாசனை மாடியிலிருந்து வரும். வீட்டைக் கொளுத்திவிடப் போகிறார் என்று அத்தை திட்டுவார். அவரிடம் ஒரு நாள் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். மறு வாரமே ஒரு பொம்மை ஜீப்போடு வந்து நின்றார்.

சாதாரணக் கடை ஜீப்தான். பாட்டரியில் ஓடி, எதிலாவது முட்டினால் தானே திரும்பிக்கொள்ளும். ஒரு சின்ன அட்டைத் துண்டின் இரண்டு பக்கமும் மெல்லிய செப்புத் தகடு ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ஒயரைப் பற்றவைத்து, அதைப் பாட்டரிக் கட்டைக்கும் பொம்மைக்குள் இருக்கிற தகட்டுக்கும் நடுவே செருகியிருந்தார். ஒயர்களின் மறுமுனை ஒரு காலிங்பெல் சுவிட்சில். ஜீப்பின் சுவிட்சை எப்போதும் போட்டே வைத்திருக்க வேண்டும். ஆனால் நடுவில் அட்டை இருப்பதால் ஓடாது. காலிங்பெல்லை அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். அறுபது ரூபாய்க்குள் முடிந்துவிட்டது, ஜீப் விலை தனி.

காலிங்பெல் அம்முவின் கைக்குக் கெட்டியாக இருந்தது. அப்புறம் கம்ப்யூட்டர் மவுஸுக்குள் இருக்குமே, தொட்டாலே 'டிக்' என்கிற சின்ன சுவிட்சு, அதை எடுத்து ஒரு டிபன் பாக்ஸ் மூடிக்கு அடியில் வைத்தார். மூடியில் எங்கே கை பட்டாலும் போதும்.

முதல் நாள் ராத்திரியை மறக்க முடியாது. அம்முவை அவளுடைய நாற்காலியில், இடுப்புப் பட்டை போட்டு, பாதம் பலகையில் பதிகிற மாதிரி உட்கார வைத்தேன். உடம்பு ஆடிக்கொண்டிருந்தால் அவளுடைய சக்தியெல்லாம் விழாமல் இருப்பதிலேயே போய்விடும், கைக்கு வராது என்று முட்டுக்காட்டில் சொல்லியிருந்தார்கள். மூடியை வலக்கைப் பக்கம் வைத்தோம். கை மேலே போனது, பக்கவாட்டில் போனது, பின்னால் போனது. மூடியைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்து மூடிமேல் வைக்கப் போனேன்.

"அக்கா, வேணாம். நீங்க கையைக் கட்டிக்குங்க" என்றார் அந்தத் தம்பி.

கட்டிக்கொண்டேன். மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பத்து, இருபது, முப்பது. நாற்பது வரும்போது கை 'தொப்' என்று மூடிமேல் விழுந்தது. ஜீப் ஓடியது. அம்மு பயந்து கையைத் தூக்கினாள், ஜீப் நின்றது. என்னைப் பார்த்தாள். ஜீப்பைப் பார்த்தாள். மறுபடி நாற்பது எண்ணம்... மறுபடி ஓடியது. அன்றைக்கு ஏழு தடவை. அப்புறம் வியர்த்துக் களைத்துத் தூங்கிப்போனாள். நான் தூங்கவில்லை.

நாலாம் நாள்தான் முக்கியமான சமாசாரம் நடந்தது. அத்தை தரையில் உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவைத்திருந்தார். ஜீப் போய்ப் பெட்டியை இடித்தது. அத்தை "சீ!" என்று ஜீப்பை எடுக்கக் கையை நீட்டினார். அம்மு கையை எடுத்துவிட்டாள், ஜீப் சாதுவாக நின்றது. சரிதான் என்று அத்தை பாக்கு வெட்டப் போனார். உடனே ஜீப் ஓடி மறுபடி இடித்தது. அத்தை கை நீட்டினால் நிற்கிறது, எடுத்தால் இடிக்கிறது. நாலைந்து தரம் ஆனது. அம்மு வாயில் எச்சில் வழியச் சிரிக்கிறாள்.

"இன்னாடி இது, வேணும்னே பண்றாளா?" என்றார் அத்தை.

"ஆமாம் அத்தை, வேணும்னேதான் பண்றா" என்றேன். சொல்லும்போதே தொண்டை அடைத்துக்கொண்டது. ஏழு வருஷத்தில் அம்முவைப் பற்றி அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அதுவரை பொம்மைக்குக் காசைக் கரைக்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த அத்தை, மறுநாளிலிருந்து பெட்டியை ஜீப் வருகிற வழியிலேயே வைக்கத் தொடங்கினார்.

இதெல்லாம் அந்தத் தம்பி தானாகக் கண்டுபிடித்ததில்லையாம். உலகத்தில் பல இடங்களில் இதற்கென்றே ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்று அவர் போனில் படித்துப் படித்துச் சொல்லுவார். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஆல் குக் என்ற பேராசிரியரும் அவரோடு வேலை செய்தவர்களும் கை கால் இயங்காத குழந்தைகளுக்கு ரோபோக் கையைக் கொடுத்துப் பார்த்தார்கள். உலர்ந்த மக்ரோனி நிரப்பிய தொட்டிக்குள் பொருள்களை ஒளித்துவைத்துவிடுவார்கள். குழந்தை சுவிட்சை அமுக்கினால் ரோபோக் கை தோண்டி எடுக்கும். நம் குழந்தைகள் மணலைக் கிளறுவதுபோலத்தான். ஒரு சுவிட்சில் தொடங்கி, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வேறு சுவிட்சுகளையும் அமுக்க வேண்டிவரும். எதை முதலில் அமுக்குவது, எது அப்புறம் என்று குழந்தை யோசிப்பது அதிலேயே தெரிந்துவிடும். வாயால் பதில் சொல்ல முடியாத குழந்தைக்கு எவ்வளவு புரிகிறது என்று கண்டுபிடிக்க இது ஒரு வழி. கேட்டதும் எனக்கு அந்தப் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது.

ஆஸ்திரியா நாட்டில் பிளேராப் என்று ஒரு ரோபோ செய்தார்களாம், குழந்தை சொல்கிற இடத்தில் லெகோக் கட்டைகளை அடுக்கும். அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கோல் காலவே என்ற உடற்பயிற்சி நிபுணரும் சுனில் அகர்வால் என்ற நம் நாட்டு வம்சாவளி எஞ்சினியரும் கைக்குழந்தை உட்கார்ந்து ஓட்டுகிற ரோபோ வண்டி செய்தார்கள். ஏழு மாதக் குழந்தைகூடத் தானே ஓட்டியது என்று 2008-ல் எழுதினார்கள். ஆனால் அந்த வண்டியை எத்தனை பேர் வாங்க முடியும்? அதனால் காலவே கடையில் விற்கிற, குழந்தைகள் ஏறி ஓட்டும் பாட்டரிக் காரையே வாங்கி, கால் பெடலுக்குப் பதில் பெரிய பொத்தான் வைத்து, பிளாஸ்டிக் பைப்பும் நுரைத் துண்டும் கட்டிச் சாய்மானம் செய்து கொடுக்க ஆரம்பித்தார். கோ பேபி கோ என்று பெயர். பல நாடுகளில் பெற்றோர்களே செய்கிறார்களாம். இதைக் கேட்டபோது எனக்குப் பரண்மேல் கிடந்த நடைவண்டிதான் கண்ணில் நின்றது. காலுக்கு நாம் வண்டி கொடுக்கவில்லையா? கைக்குக் கொடுத்தால் என்ன தப்பு?

நம் ஊரிலும் சும்மா இல்லை. சென்னையில் 1985-ல் தொடங்கிய வித்யாசாகர் நிறுவனத்துக் குழந்தைகளோடு சேர்ந்துதான் அஜித் நாராயணன் 'ஆவாஸ்' என்ற பேசும் கருவியை உருவாக்கினார்; படத்தைத் தொட்டால் குழந்தைக்காக அது பேசும். சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜாதா சீனிவாசன் என்ற பெண் பேராசிரியரின் குழு, உட்கார்ந்தவரை நிற்கவைக்கும் சக்கர நாற்காலியை 2019-ல் கொண்டுவந்தது. விளையாட்டுக்கென்று இவ்வளவு பேர் மெனக்கெட வேண்டும் என்பது என் ஆசை. நடப்பதும் பேசுவதும் பெரிய விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏழு வயசுக்கு விளையாட்டைவிடப் பெரிய விஷயம் எது?

அந்தத் தம்பி அடுத்த ஆறு மாதம் பிடித்து ஒரு குட்டி ரோபோக் கை செய்தார். அதன் முனைக்கு ஒரு கரண்டி வேண்டும் என்றபோது சொப்புச் சாமான் கூடையைக் கொண்டுவந்து கொட்டினேன். திருப்போரூர்க் கரண்டி அளவாகப் பொருந்தியது! மக்ரோனிக்கு நான் எங்கே போவேன், வருஷப் புளியில் எடுத்த கொட்டை இருந்தது. அகலமான பேசினில் புளியங்கொட்டையைப் போட்டு, உள்ளே சோழியும் கண்ணாடி வளையலும் ஒளித்துவைத்தோம். ஒரு மூடியைத் தட்டினால் கை இடம் மாறும். இன்னொன்றைத் தட்டினால் அள்ளிக்கொண்டுபோய்க் கிண்ணத்தில் கொட்டும்.

எல்லாம் சினிமா மாதிரி நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் நாளே கை உதறி, புளியங்கொட்டை கூடம் முழுக்கத் தெறித்தது. இரண்டு மோட்டார் எரிந்தது. ஒரு தடவை கரண்டி கழன்று பறந்து அம்முவின் நெற்றியில் பட்டு, அவர், அதாவது என் வீட்டுக்காரர், "இந்தக் கண்றாவியெல்லாம் வேணாம்" என்று சத்தம் போட்டுவிட்டார். அப்புறம் வேகத்தைக் குறைத்து, கரண்டிக்கு மெல்லிய ரப்பர் சுற்றினோம். இரண்டாவது மூடியின் உபயோகம் அம்முவுக்குப் பிடிபட மூன்று வாரம் ஆனது. பிடிபட்ட மறுவாரமே சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாற்றி மாற்றி ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது. இப்போதும் கால் மணி நேரத்துக்குமேல் அவளால் முடியாது. கை குணமாகிவிட்டதா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: இல்லை. முட்டுக்காடு போவதும் பயிற்சியும் அப்படியேதான் நடக்கின்றன.

ரோபோக் கை எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் ஜீப்புக்குச் செய்ததை, பற்றவைக்கத் தெரிந்த டி.வி. மெக்கானிக், ஐ.டி.ஐ. பையன் யாரும் செய்து தருவார்கள். சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள். பாட்டரியில் ஓடும் பொம்மையாகவே இருக்கட்டும், சுவரிலுள்ள கரண்டோடு எந்தச் சம்பந்தமும் வேண்டாம். செப்புத் தகடுகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது, தொட்டால் அமுக்காமலே ஓடும். பொத்தான் மாதிரி வட்டமான சின்ன பாட்டரி போட்ட பொம்மை வேண்டவே வேண்டாம். குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ஒயர் கழுத்துப் பக்கம் வரக் கூடாது. சுவிட்சைக் கைக்குத்தான் வைக்க வேண்டும் என்றில்லை. முழங்கையோ, முழங்காலோ, கன்னமோ, தலையோ, எது நன்றாகச் சொன்னபடி கேட்கிறதோ அங்கே வைக்கலாம். எங்கே என்று குழந்தையைப் பார்க்கிற தெரபிஸ்டைக் கேளுங்கள். பொம்மையிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் எழுந்துபோகவும் கூடாது. பக்கத்தில் உட்கார வேண்டும், ஆனால் தொடக் கூடாது. எல்லாவற்றிலும் கஷ்டம் இதுதான். எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை. கை துடிக்கும்போது முந்தானையைப் பிடித்துக்கொள்கிறேன்.

போன வருஷம் அந்தத் தம்பிக்கு பெங்களூருக்கு மாற்றலாகிவிட்டது. போவதற்கு முன் என் பெரியவனை உட்காரவைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார். பிளஸ் டூ படிக்கிறவன் புத்தகத்தை எடுக்கிறானோ இல்லையோ, ரோபோவுக்கு ஒன்றென்றால் முதல் ஆளாக வந்து நிற்கிறான். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கும் அரசாங்கச் சிறப்பு ஆசிரியை இப்போது அந்தப் பேசினைத்தான் பாடப் புத்தகமாக வைத்திருக்கிறார். சிவப்பு வளையல் எங்கே, பச்சை வளையல் எங்கே என்று கேட்பார். அம்மு சரியாக எடுப்பாள். களைத்துவிட்டால் தப்பாக எடுத்துவிட்டு ஆசிரியையின் முகத்தைப் பார்ப்பாள். அதுவும் வேணும்னேதான் என்பது எங்களுக்குத் தெரியும், அவருக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

நாலரை மணிக்குத் திண்ணையில் உட்காருவது நின்றுவிட்டது. தெருப் பிள்ளைகள்தான் உள்ளே வருகிறார்கள். ஆளுக்கொரு பொருள் கொண்டுவருவார்கள், கோலி, சோடா மூடி, பம்பரம். அதைப் புளியங்கொட்டைக்குள் புதைத்துவிட்டு, அம்மு எப்போது எடுப்பாள் என்று சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நேற்று நான் சமையல் அறையில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பையன் ஓடிவந்தான்.

"ஆன்ட்டி, அம்மு எங்களுக்கு சான்ஸே குடுக்க மாட்டேங்கறா! என் பம்பரத்தை எடுத்துட்டு, திரும்பத் திரும்ப உள்ளேயே போடறா!"

"நீங்களே பேசித் தீத்துக்குங்கடா" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனித்தேன்.